1120, 716, 358: சூழல் சுற்றுலா மாணவரை எந்தப் படியில் அளப்பது?

சூழல் சுற்றுலாவைப் பாடமாக எடுத்த ஒரு மாணவர், செமஸ்டர் முழுக்க ஒருமுறைகூட ஆற்றங்கரையில் நிற்காமல், ஒரு பறவையை எண்ணாமல், ஒரு மலைக்கிராமத்தாரோடு பேசாமல் முதல் வகுப்பில் தேறிவிட முடியும். வினாத்தாளின் அமைப்பே அதற்கு இடம் கொடுக்கிறது. திருச்சி வட்டாரக் கலை, அறிவியல் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பழகிய கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்: இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. அந்த எழுபத்தைந்தில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 5, பத்து மதிப்பெண் வினாக்கள் 3. நேரம் மூன்று மணி. 'சூழல் சுற்றுலா: வரையறு' என்பது இரண்டு மதிப்பெண். 'தாங்குதிறனை விளக்குக' என்பது ஐந்து. 'சூழல் சுற்றுலாவின் நன்மை தீமைகளை விவரி' என்பது பத்து. இவற்றுக்கான விடைகள் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களோடு சேர்த்து ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கின்றன.

இன்டர்னல் 25 இதைச் சரிக்கட்டத்தான் வந்தது. நடைமுறையில் அது என்ன ஆனது? மூன்று தேர்வுகளில் சிறந்த இரண்டின் சராசரி, ஒரு அசைன்மென்ட், ஒரு செமினார். தேர்வுகள் எக்ஸ்டர்னலின் சிறுபதிப்பு. அசைன்மென்டைச் சாட்ஜிபிடி எழுதிக்கொடுக்கிறது. செமினார் அன்று ஒருவர் பேச, மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். மூன்றுமே தனித்தனித் தீவுகள். முதல் அசைன்மென்டில் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பை மாணவர் படித்தாரா, படித்து எதையாவது மாற்றினாரா என்று கேட்கும் இடம் இந்த அமைப்பில் எங்கும் கிடையாது.

வேறு பாடங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு செய்யுளுக்குத் தவறாகப் பொருள் சொன்ன மாணவரை மறுநாள் திருத்திவிடலாம். செய்யுளுக்கு ஒன்றும் ஆகாது. சூழல் சுற்றுலா படித்தவர் நாளை ஒரு காட்டுப்பாதைக்குக் கூட்டத்தை அழைத்துப் போவார், ஓர் அருவிக்கு வண்டி நிறுத்தம் எங்கே என்று வரைவார், ஒரு மலையூரில் விருந்தினர் தங்குமிடம் தொடங்க ஆலோசனை சொல்வார். அவருடைய பிழை அவரோடு நிற்காது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலைக்காட்டில், மலையேறச் சென்றிருந்தவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச் மாதத்தில் காய்ந்த புல் எப்படி எரியும் என்பது மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. கோடை தொடங்கும் வாரங்களில் மலைப்பாதைகள் இப்போது மூடப்படுகின்றன. 'இந்த மாதம் போகக் கூடாது' என்று முடிவெடுக்கத் தெரிந்த மாணவருக்கு மதிப்பெண் தரும் கட்டம் எந்த விடைத்தாளில் இருக்கிறது?

மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்கு இதை அரிசி ஆலையை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். நெல் தொட்டியில் ஊறி, ஆவியில் வெந்து, களத்தில் காய்ந்து, பிறகுதான் அரவைக்குப் போகிறது. களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பவர் இடையிடையே ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். காய்ச்சல் போதவில்லை என்றால் அங்கேயே இன்னும் சற்று விடலாம். மூட்டை கட்டிய பிறகு நொய் அதிகம் என்று கண்டுபிடிப்பதால் யாருக்குப் பயன்? பல்கலைக்கழகத் தேர்வு மூட்டையைத்தான் திறந்து பார்க்கிறது. களத்தில் கடித்துப் பார்க்கும் வேலையை யார் செய்வது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

கல்வியியலார் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியரான ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரையில் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று மாணவருக்குத் தெரிய வேண்டும். தன்னுடைய வேலை அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். அந்த இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வாய்ப்பு வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண். அதற்கு முந்தைய ஆண்டு, 1988இல், இஸ்ரேலில் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு செய்தார். ஒரு பிரிவினருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும் கொடுத்தார், ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவினருக்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்களே. மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்து வாங்கியவர்களிடம் குறிப்பின் பயன் தென்படவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது. எந்த ஆசிரியருக்கும் இது புதிதாகத் தோன்றாது. விடைத்தாளை வாங்கியதும் மாணவர் முதலில் பார்ப்பது பக்கத்து பெஞ்சுக்காரரின் மார்க்கைத்தான்.

ஆகவே இங்கே முன்வைக்கும் அமைப்பு ஒரே விதியில் நிற்கிறது: ஒரு படியில் செய்தது அடுத்த படிக்குக் கச்சாப்பொருள் ஆக வேண்டும், அடுத்த படியில் அது திருத்தப்பட்டு வரும்போதுதான் மதிப்பெண். படிகள் ஐந்து. எல்லாம் சேர்ந்து அந்த 25க்குள்ளேயே அடங்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவே இதைத் தீர்மானித்துவிடலாம். மற்ற கல்லூரிகள் அசைன்மென்டுக்கும் செமினாருக்கும் ஒதுக்கிய பங்கிலிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்த அறிக்கையும் தொடர் மதிப்பீட்டின் பக்கமே நிற்கிறது. தடை விதியில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது.

இடங்களைத் தேடி நீலகிரிக்கும் மூணாறுக்கும் போக வேண்டியதில்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான். வடகரையில் வாத்தலையிலிருந்து பெருவளை வாய்க்காலும் புள்ளம்பாடி வாய்க்காலும் கிளம்புகின்றன. பெருவளை மண்ணச்சநல்லூருக்குள்ளேயே ஓடுகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் லால்குடிப் பக்கம் கடந்து, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி வரை தண்ணீர் கொண்டுபோகிறது. கரைவெட்டி 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கொள்ளிடத்துக்குத் தெற்கே, ஸ்ரீரங்கம் மேலூரில், மேலணைக் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 நவம்பரிலிருந்து இயங்குகிறது. வடக்கே துறையூர் தாண்டினால் பச்சைமலை. திருவெள்ளறையில் பல்லவர் காலத்து மாற்பிடுகு பெருங்கிணறு. சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி எட்டக்கூடிய தொலைவில் ஒரு பட்டப்படிப்புக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. மூன்று நாள் டூருக்குப் பணம் கட்ட முடியாத மாணவர்கள் நம் கல்லூரிகளில் பாதிக்கு மேல் என்பதை மறந்துவிட்டு எந்த மதிப்பீட்டையும் வடிவமைக்கக் கூடாது. பஸ் கட்டணத்துக்குமேல் செலவு கேட்கும் படி எதுவும் இந்த ஐந்தில் இல்லை. பச்சைமலைப் பயணம் மட்டும் விலக்கு, அதைக் கல்லூரியே ஏற்க வேண்டும்.

முதல் படி, குறிப்பேடு. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். ஆகஸ்டு மாதம், புள்ளம்பாடி வாய்க்காலில் வழக்கமாகத் தண்ணீர் திறந்துவிடும் காலம். மாணவர் ஒரு வாய்க்கால் கரையையோ, பூங்காவில் ஒரு செடியையோ தேர்ந்துகொண்டு ஒரு மணி நேரம் அதே இடத்தில் இருந்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். முதல் முறை வரும் நோட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: 'பூங்கா மிகவும் அழகாகவும் மனதுக்கு இதமாகவும் இருந்தது. பல வண்ணங்களில் வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன.' இதற்குப் பூஜ்யம் போடுவது எளிது. போடக் கூடாது. பக்கத்தில் இரண்டே கேள்விகள் எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும்: எத்தனை வண்ணம்? எந்தச் செடியில்?

இரண்டாம் முறை அதே மாணவரின் நோட்டு வேறு மாதிரி வரும். 'காலை 10.20. எருக்கு. இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக ஒரே ஒரு முட்டை. இரண்டு இலை தள்ளிக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு. 10.35க்கு ஆரஞ்சு நிறப் பூச்சி ஒன்று அதே செடியைச் சுற்றியது.' வெந்தய வரியன் என்ற பெயர் அவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. பூச்சிக்கும் செடிக்கும் உள்ள உறவை அவர் தன் கண்ணால் பிடித்துவிட்டார். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஏன் பூங்காவுக்குள் நிற்கின்றன, களை என்று பிடுங்கிப்போடும் எருக்கை ஏன் அங்கே வளர்க்கிறார்கள் என்பதெல்லாம் இனி அவருக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நோட்டுக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது, குறிப்பு மட்டும். இரண்டாவதற்கு 4. அந்த நான்கும் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே என்ன மாறியது என்பதற்கு.

இரண்டாம் படி, எண்ணுவது. இங்கே பிரிட்டனின் எர்னஸ்ட் பொல்லார்டு 1970களில் உருவாக்கிய நடைமுறை மிக உதவும். ஒரே பாதை, ஒரே சீரான நடை, இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்தப் பெட்டிக்குள் வரும் வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் கணக்கு. வெயில், காற்று, நேரம் மூன்றையும் மேலே குறித்துக்கொள்ள வேண்டும். அதே நாளில் மனிதர்களையும் எண்ண வேண்டும்: ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு கால் மணி வாயிலில் நின்று, உள்ளே போவோர், வெளியே வருவோர், குழந்தைகள். பூங்காவுக்குப் போக முடியாதவர் ஞாயிற்றுக்கிழமை சமயபுரம் கடைவீதியில் நின்று இதே முறையில் எண்ணிப் பழகலாம். பக்தர் கூட்டத்தை எண்ணத் தெரிந்தவருக்கு எந்தக் கூட்டமும் கடினமில்லை. இதற்கு 5 மதிப்பெண். இருவர் ஒரே பாதையில் தனித்தனியாக நடந்து எண்ணி, எண்ணிக்கை ஏன் வேறுபட்டது என்று அரைப் பக்கம் எழுதுவதற்கே அதில் இரண்டு. இருவருக்கும் ஒரே எண் வந்திருந்தால் ஆசிரியர் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

மூன்றாவது படியில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் குறிக்கும் தாங்குதிறன் என்ற சொல் எல்லா நோட்ஸிலும் உண்டு; அதைக் கணக்கிட்டுப் பார்த்த மாணவர் அரிது. 1992இல் கோஸ்டா ரிக்காவிலிருந்து மிகேல் சிஃபுவென்டெஸ் வெளியிட்ட முறை கூட்டல், பெருக்கல் தெரிந்த யாருக்கும் கைவரும். ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரு நடைபாதை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு மீட்டர் இடம், பத்துப் பேர் ஒரு குழு, இரண்டு குழுக்களுக்கு இடையே ஐம்பது மீட்டர் இடைவெளி. ஒரு குழுவுக்கு அறுபது மீட்டர் ஆகிறது. பாதை ஒரே நேரத்தில் 16 குழுக்களைக் கொள்ளும், அதாவது 160 பேர். சுற்றிவர ஒரு மணி நேரம், திறந்திருப்பது ஏழு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 1120 பேர். இது நிலத்தின் கொள்ளளவு.

அதன்பிறகு திருத்தம் தொடங்குகிறது. மார்ச் முதல் ஜூன் வரை நண்பகலில் மூன்று மணி நேரம் திருச்சி வெயிலில் யாரும் நடக்க முடியாது: ஆண்டின் 84 மாத-மணிகளில் (பன்னிரண்டு மாதம், நாளுக்கு ஏழு மணி) 12 போயிற்று, பெருக்க வேண்டிய காரணி 0.86. அக்டோபர், நவம்பர் பிற்பகல் மழைக்கு ஆறு போனால் 0.93. புழுக்கள் இலை தின்னும் இருநூறு மீட்டரில் ஆளை விடக் கூடாது என்றால் 0.8. மூன்றையும் பெருக்கினால் 1120 என்பது 716 ஆகிறது. கடைசியாக ஆள் பலம். குழுக்களோடு நடக்கப் பத்து வழிகாட்டிகள் வேண்டும், ஐந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பாதி: 358.

இந்த மூன்று எண்களில் எதை வாயில் பலகையில் எழுதுவது? சீட்டு விற்பனையைப் பார்ப்பவர் 1120 என்பார். மாணவர் 358 என்று எழுதினால், ஆட்களை நியமித்தால் அது எவ்வளவு உயரும், எந்த எல்லைக்குமேல் எத்தனை ஆள் போட்டாலும் உயரக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எல்லை 716. அதைத் தாண்டச் சொல்பவரிடம், எந்தக் காரணியை எந்த ஆதாரத்தில் மாற்றுகிறீர்கள் என்று கேட்கத் தெரிய வேண்டும். ஒரு மாவட்ட நிர்வாகக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசப்போகிற இளைஞருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் கல்லூரி கொடுத்துவிட முடியாது.

இதற்கு 6 மதிப்பெண். மதிப்பிடும் அளவுகோலை முன்கூட்டியே, தமிழில், வகுப்புச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். விடை 358 வந்ததற்கு ஒரு மதிப்பெண் போதும். மீதி ஐந்தும் காரணிகளுக்கு. 0.8 எங்கிருந்து வந்தது என்று சொல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று சொன்னவருக்குக் கொஞ்சம். 'என் குறிப்பேட்டின் ஏழாம் பக்கத்தில் புழு இருந்த செடிகளை அடியால் அளந்து எழுதியிருக்கிறேன்' என்று காட்டுபவருக்கு முழுசாக. இப்போது தெரியும், முதல் படி இல்லாமல் மூன்றாம் படியில் யாரும் ஏற முடியாது என்று. சாட்ஜிபிடியிடம் சூத்திரம் கிடைக்கும். மேலூரில் எந்தச் செடியில் புழு இருந்தது என்பது கிடைக்காது. நகலெடுப்பதைத் தடுக்க இதைவிட நல்ல மென்பொருள் இன்னும் வரவில்லை.

இந்த எண்களுக்கும் குறை உண்டு. ஒரு பாதைக்கு ஒரே மந்திர எண் என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1985இலேயே கேள்விக்கு உள்ளாக்கி, 'எவ்வளவு மாற்றத்தை ஏற்கலாம்' என்று கேட்கும் வேறு முறையைக் கொண்டுவந்தார்கள். நூறு பேர் அமைதியாக நடப்பதும் பத்துப் பேர் ஸ்பீக்கரோடு நடப்பதும் ஒன்றல்ல. முதுநிலை மாணவருக்கு இந்த விவாதத்தையும் சேர்க்கலாம். இளநிலையில் முதலில் ஓர் எண்ணைக் கட்டி எழுப்பக் கற்கட்டும். உடைக்கப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

நான்காவது படிக்குப் பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. மலையாளி பழங்குடியினர் வாழும் ஊர்கள், மரவள்ளியும் முந்திரியும் விளையும் கொல்லைகள். டாப் செங்காட்டுப்பட்டியில் வனத்துறையின் தங்குமிடம் உண்டு, மங்களம் அருவிக்கு விடுமுறை நாட்களில் வண்டிகள் ஏறுகின்றன. மாணவர்கள் இங்கே வந்து வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு வினாநிரல் அச்சடித்து, ஆளுக்குப் பத்து வீடு பிரித்துக்கொண்டு, 'சுற்றுலாவால் உங்கள் வருமானம் உயர்ந்திருக்கிறதா: ஆம், இல்லை, ஓரளவு' என்று டிக் அடித்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவது. அந்த வீட்டாருக்கு அது என்ன ஆயிற்று என்று பிறகு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

இந்தப் படியில் வினாநிரல் கிடையாது. ஒரு மாணவர், ஒரு வீடு, ஒரு பேச்சு. கேட்டதைத் திரும்பச் சொல்லி, சரிதானா என்று அவர்களிடமே கேட்டுவிட்டு எழுத வேண்டும். எந்தெந்த மாதம் கொல்லையில் வேலை, எந்தப் பாதையில் ஆடு போகும், அருவிக்கு வருகிறவர்கள் விட்டுப்போகும் பாட்டில் எங்கே உடைகிறது, அதில் யார் காலில் ரத்தம், எந்த இடத்துக்கு வெளியாள் வரவே கூடாது. மாணவர் தன் மூன்றாம் படிக் கணக்கை இங்கே கொண்டுவந்து, இவர்கள் சொன்னதால் எந்தக் காரணி மாறுகிறது என்று காட்ட வேண்டும். அறுவடை மாதத்தில் வழிகாட்டிகள் கிடைக்க மாட்டார்கள் என்றால் ஆள் பலக் காரணி விழும். கோயில் தோப்பு என்றால் அந்த நூறு மீட்டரே கணக்கிலிருந்து போய்விடும். 4 மதிப்பெண், அதில் ஒன்று மாறிய காரணிக்கு.

தேக்கடியில் நடந்தது இதற்கு நல்ல துணை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் காட்டு லவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை 1990களின் பிற்பகுதியில் கேரள வனத்துறை ஒன்று திரட்டி, வழக்குகளிலிருந்து மீட்டு, பயணிகளை நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாக்கியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரவில் எங்கே படுக்கலாம், யானை எந்தப் பக்கம் இறங்கும் என்றெல்லாம். பட்டம் இல்லாத அந்த அறிவுதான் இன்று அங்கே பயணிகளைக் காக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் பச்சைமலையிலும் இருப்பார். நம் மதிப்பீட்டில் அவருக்கு இடம் எது?

ஐந்தாம் படியில் அவருக்கு இடம் இருக்கிறது. இதுவரை வந்த நோட்டு, எண்ணிக்கை, கணக்கு, பேச்சு நான்கையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு ஒரு சிறு திட்டம் எழுதுகிறது: ஓர் அருவிக்கோ, ஒரு வாய்க்கால் கரை நடைக்கோ, திருவெள்ளறைக் கிணற்றைச் சுற்றிய ஊர்நடைக்கோ. பல்கலைக்கழகத்துக்குப் பத்துப் பக்கம். அதோடு கட்டாயமாகத் தமிழில் ஒரே பக்கம், ஊரில் உரக்கப் படித்துக்காட்ட. ஆங்கில வழியில் படிக்கும் மாணவர் பலர் இந்த ஒரு பக்கத்தில்தான் தடுமாறுவார்கள். 'நிலைத்த வளர்ச்சி', 'பங்குதாரர்', 'திறன் மேம்பாடு' எல்லாம் உதிர்ந்துபோய், வண்டி எங்கே நிற்கும், ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு கூலி, குப்பையை யார் இறக்குவது என்பது மட்டும் மிஞ்சும். ஊரார் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 6 மதிப்பெண்ணும் திருத்திய வடிவத்துக்குத்தான். திட்டம் மொத்தமாக மறுக்கப்பட்டு, 'இங்கே சுற்றுலா வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை' என்று ஒரு குழு காரணத்தோடு எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். அது இல்லையென்றால் குரங்கணியிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள்.

குழு வேலையில் ஒருவர் உழைக்க நால்வர் பெயர் போடுவது தெரிந்ததே. முதல் நான்கு படிகளும் தனி ஆளுடையவை என்பதால் 25இல் 19 யாருடைய தோளிலும் ஏற முடியாது. மீதிக்கு வைவா: ஒவ்வொருவரிடமும் அவருடைய நோட்டைத் திறந்து அதிலிருந்தே இரண்டு கேள்விகள். ஐந்து நிமிடம் போதும். அறுபது பேர் வகுப்புக்கு ஐந்து மணி நேரம், இரண்டு பிற்பகல்.

ஆசிரியரின் பளுவை இதைவிடக் குறைத்துச் சொன்னால் ஏமாற்று ஆகிவிடும். அறுபது பேர், ஐந்து படிகள், ஏறக்குறைய முந்நூறு தடவை எதையாவது படிக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நான்கு வகுப்புகளைச் சுமந்துகொண்டு இதைச் செய்ய முடியாது, செய்யச் சொல்வதும் நியாயமில்லை. சுமையைக் குறைக்க வழிகள் உண்டு. முதல் நோட்டை இடத்திலேயே, ஆளுக்கு இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிடலாம். எண்ணிக்கைப் படியை ஜோடி மாணவர்களே ஒருவரையொருவர் சரிபார்க்கலாம். இப்போது நடக்கும் மூன்று இன்டர்னல் தேர்வுகளில் இரண்டைக் கைவிட வேண்டும். அவற்றுக்கு வினாத்தாள் போட்டு, மேற்பார்வை பார்த்து, திருத்தி, மார்க் ஏற்றும் நேரம் இங்கே வந்துசேரும். தேர்வையும் விடாமல் இதையும் மேலே ஏற்றினால் ஒரே செமஸ்டரில் திட்டம் செத்துவிடும்.

எக்ஸ்டர்னல் 75ஐத் தொடாமல் இதெல்லாம் பாதி வேலைதான். ஜான் பிக்ஸ் 1996இல் வலியுறுத்தியது போல, கற்பிக்கும் நோக்கமும் வகுப்பில் நடப்பதும் தேர்வில் கேட்பதும் ஒரே திசையில் இருக்க வேண்டும். முரண்பட்டால் மாணவர் தேர்வின் பக்கம்தான் போவார். அமைப்பை மாற்றாமலே வினாவை மாற்றலாம். பத்து மதிப்பெண் வினாவில் ஒரு பாதையின் வரைபடமும் மூன்று மாத எண்ணிக்கையும் கொடுத்து, 'பொங்கல் விடுமுறைக்கு எத்தனை பேரை விடுவீர்கள், எந்தக் கணக்கில்?' என்று கேட்கலாம். களத்தில் நடந்தவர் எழுதுவார். நோட்ஸ் மனப்பாடம் செய்தவர் வரையறையை எழுதிவிட்டு நிற்பார்.

இன்னொன்று, வருடம் தாண்டிய தொடர்ச்சி. புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வழக்கமாக ஆகஸ்டு முதல் டிசம்பர் நடு வரை. கரைவெட்டியில் வரித்தலை வாத்துகளைப் பார்க்க வேண்டுமென்றால் பனிக்காலம், அதாவது அடுத்த செமஸ்டர். வாய்க்காலைப் பார்த்த மாணவர் ஏரியைப் பார்க்காமல் பாடத்தை முடித்துவிடுகிறார். ஒற்றைப்படை செமஸ்டரின் எண்ணிக்கைத் தாள்களைப் பத்திரப்படுத்தி, ஜனவரியில் தொடங்கும் வகுப்பின் கையில் முதல் நாளே கொடுத்துவிட்டால் இந்த இடைவெளி அடைபடும். ஐந்தாறு ஆண்டுகளில் மேலூர்ப் பூங்காவின் ஒரு பாதைக்கு, மாணவர் கையெழுத்திலேயே, வண்ணத்துப்பூச்சிக் கணக்கும் மனிதக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்துவிடும். வனத்துறைக்கும் அது உதவும். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டால் அனுமதியும் எளிதாகலாம்.

பச்சைமலைக்காரர் ஒருவரை வைவா அன்று கல்லூரிக்கு அழைப்பது மட்டும்தான் இன்னும் சிக்கல். அவர் வந்து உட்கார்ந்து, 'இந்தப் பாதையில் மழைக்காலத்தில் யாரும் இறங்க மாட்டோம், நீ ஏன் போட்டிருக்கே?' என்று கேட்டால் அது எந்தப் புறத்தேர்வாளரின் கேள்விக்கும் குறைந்ததில்லை. அதற்கு அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் துறையூர் இறங்கி, திருச்சி பஸ் பிடித்து வர வேண்டும். புறத்தேர்வாளராக வரும் பேராசிரியருக்குப் பயணப்படியும் மதிப்பூதியமும் உண்டு, அதற்கான படிவமும் உண்டு. இவருக்கு எந்தப் படிவம்? துறைத்தலைவர் தன் கைக்காசைக் கொடுப்பது இரண்டு வருடம் நடக்கும், மூன்றாம் வருடம் நின்றுவிடும். நிதிக்குழுக் கூட்டத்தில் 'உள்ளூர் மதிப்பீட்டாளர்' என்று ஒரு தலைப்பு திறந்து, அன்றைய கூலியும் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் அதில் எழுதப்பட வேண்டும். பாடத்திட்டக் குழு கூடுவதற்கு முன்பே இந்தத் தொகைக்கு ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. ஜூன் மாதம் வகுப்பு தொடங்கிவிட்டால் பிறகு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டிவரும்.